ஏழு படங்கள் வரைந்தாயிற்று, இன்னும் தொடராகத் தெரியவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். உங்களுக்கு எட்டு மாதத்தில் தனிநபர் கண்காட்சி. தலைப்பு 'காத்திருப்பு'. இருபது கோட்டோவியங்கள் வைக்கத் திட்டம். ஏழு முடிந்துவிட்டன. சில பென்சில், சில சார்கோல் (வரைவதற்கான கரிக்குச்சி), அளவும் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. தனித்தனியாகப் பார்த்தால் பிடித்திருக்கிறது, வரிசையாக வைத்தால் ஏழு பேர் வரைந்ததுபோல் இருக்கிறது. எட்டாவதை எப்படித் தொடங்குவது, கண்காட்சி நாள்வரை எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எட்டாவதை இப்போது தொடங்காதீர்கள். அதுதான் என் முதல் பதில். இரண்டு மூன்று வாரம் எதையும் முடிக்காமல் போனாலும் பரவாயில்லை. இதுவரை நீங்கள் ஒரு படம், அப்புறம் இன்னொரு படம் என்று வரைந்திருக்கிறீர்கள். தொடர் அப்படிக் கூட்டிக்கொண்டே போவதால் வருவதில்லை. இருபது தாளும் சேர்ந்து ஒரே படைப்பு, ஒவ்வொரு தாளும் அதில் ஒரு பகுதி என்று முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால்தான் வரும். தாள், அளவு, எண்ணிக்கை, வரிசை, ஃப்ரேம் என்று கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புகிறவைதான்.

'காத்திருப்பு' நல்ல தலைப்பு. ஆனால் இன்னும் வெறும் தலைப்பாகத்தான் இருக்கிறது. ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா, கருவுற்ற பெண், வாசலில் படுத்திருக்கும் நாய் என்று எதைப் போட்டாலும் அதற்குள் பொருந்தும். எல்லாமே பொருந்துகிற தலைப்பை வைத்துக்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதைக் கேள்வியாக மாற்றுங்கள். உதாரணத்துக்கு, 'காத்திருக்கும்போது உடம்பு என்ன செய்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். உடனே முகம் பின்னால் போய், கையும் காலும் முன்னால் வந்துவிடும். பை வைத்திருப்பவர் அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பார். நிற்பவர் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவார். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கத்துத் தோள் தாழும். அந்த இரண்டு சாய்வுக் கோடுகளையும் சரியாகப் பிடித்தாலே அவர் நெடுநேரமாக நிற்கிறார் என்று தெரிந்துவிடும். உட்கார்ந்திருப்பவரின் செருப்பு பாதி கழன்று கால்விரலில் தொங்கும். வரிசையில் நிற்கிற எல்லாருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும், ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதெல்லாம் வரையக்கூடிய விஷயங்கள்.

இதே தலைப்பை இன்னொருவர், 'வர வேண்டியவருக்காக ஒதுக்கி வைத்த இடம் எப்படி இருக்கும்?' என்று கேட்டால், மனிதர்களே இல்லாத இருபது படங்கள் அவருக்குக் கிடைக்கும். இரண்டில் எது சரி என்று இல்லை. உங்கள் கேள்வி எது என்பதற்கான தடயம் அந்த ஏழு படங்களிலேயே இருக்கும். ஏழையும் தரையில் பரப்புங்கள். எந்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்குமே பலம் கூடுகிறது என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அந்த ஜோடிக்குப் பொதுவாக இருப்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். அந்த வாக்கியம் எழுத வரும்வரை புதுத் தாளைத் தொட வேண்டாம்.

அடுத்து, வரையவே போவதில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். கடிகாரம், காலி நாற்காலி, ஜன்னல் வழியே வெளியே பார்க்கும் பெண், ஆள் இல்லாத நடைமேடை. காத்திருப்பு என்றதும் முதலில் தோன்றுகிற இந்தப் படங்கள் எல்லாருக்கும் தோன்றுகிறவை. கடிகாரத்தை வரைந்துவிட்டால் அது 'நேரம் போகிறது' என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிடுகிறது, அவர் தானாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. இப்படித் தடைபோட்டால் வரைவதற்கு ஒன்றும் இருக்காதோ என்று முதல் சில நாள் பயமாக இருக்கும். அதைத் தாண்டினால்தான் உங்களுக்கு மட்டும் கண்ணில் படுகிற விஷயங்கள் வர ஆரம்பிக்கும்.

ஏழும் ஏழு பேர் வரைந்ததுபோல் இருப்பதற்குக் காரணம் உங்கள் கை தடுமாறுவதாக இருக்காது, பெரும்பாலும். ஒரே நேரத்தில் பல விஷயங்கள் மாறுகின்றன: தாளின் நிறம், அளவு, கருவி, பார்வைக் கோணம், உருவத்தைச் சுற்றி விட்ட வெள்ளை. இவற்றில் மூன்றையாவது பூட்டிவிடுங்கள். என்னைக் கேட்டால் தாளையும் அளவையும் கண்மட்டத்தையும் பூட்டுவேன். கண்மட்டம் என்று சொல்வது, பார்ப்பவர் எந்த உயரத்திலிருந்து பார்க்கிறார் என்பதை. இருபது படமும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்திலிருந்து பார்த்ததாக இருந்தால், பார்ப்பவரும் அந்த இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பவர் ஆகிவிடுகிறார். யாரும் அதைப் பெயர் சொல்லிக் கவனிக்கமாட்டார்கள், ஆனால் அறை முழுவதையும் அதுதான் கட்டி நிறுத்தும். மூன்றைப் பூட்டிய பிறகு மற்றதையெல்லாம் தாராளமாக மாற்றலாம். அடர்த்தியான படம், நாலே கோட்டில் முடிகிற படம், கூட்டம், தனியாள் என்று போகலாம்.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் அமெரிக்க ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ். கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த வரலாற்றை 1940-41இல் 60 படங்களாக வரைந்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். ஒவ்வொரு பலகையும் 12க்கு 18 அங்குலம், சில நெடுவாக்கில், சில கிடைவாக்கில். படத்துக்கான வாசகங்களை முதலில் எழுதிக்கொண்டார். அப்புறம் எல்லாப் பலகைகளிலும் பென்சில் வரைவை முடித்தார். ஒரு வண்ணத்தை எடுத்தால் அது வரவேண்டிய எல்லாப் பலகைகளிலும் அதைத் தீட்டிவிட்டுத்தான் அடுத்த வண்ணத்துக்குப் போனார். அதனால் முதல் படத்தில் இருக்கும் அதே நீலமும் அதே மஞ்சளும் கடைசிப் படத்திலும் மாறாமல் இருக்கின்றன. இன்று அந்த 60 பலகைகளை இரண்டு அருங்காட்சியகங்கள் பாதிப் பாதியாக வைத்திருக்கின்றன, ஒற்றைப்படை எண்கள் ஓரிடத்தில், இரட்டைப்படை இன்னோரிடத்தில். அப்படிப் பிரித்து வைத்தும் எந்தப் பலகையைப் பார்த்தாலும் அது அந்தத் தொடரைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். உங்களிடம் வண்ணம் இல்லை, ஆனால் கருமை இருக்கிறது. எல்லாப் படத்திலும் மிகக் கருமையான இடம் ஒரே பொருளால், ஒரே ஆழத்தில் வந்தால் லாரன்ஸின் நீலம் செய்த வேலையை அது செய்யும்.

அதற்காகப் பென்சிலையும் சார்கோலையும் கலக்கவே கூடாது என்று நினைக்க வேண்டாம். ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1890களில் செய்த நெசவாளர் தொடரில் மொத்தம் ஆறு அச்சோவியங்கள். முதல் மூன்று லித்தோகிராஃப் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு), அடுத்த மூன்று எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு). ஊடகம் நடுவில் மாறினாலும் தொடர் உடையவில்லை. வறுமையில் தொடங்கி, சாவு, இரகசிய ஆலோசனை, ஊர்வலம், வாயிற்கதவுத் தாக்குதல் என்று போய் முடிவு வரைக்கும் ஒரே இழுப்பில் நகர்வதால் ஆறும் சேர்ந்து நிற்கின்றன. போரைப் பற்றிய அவருடைய இன்னொரு தொடரில் நேர்ந்தது வேறு. 1914இல் போரில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். அந்த விஷயத்தை எட்சிங்கில் முயன்றார், லித்தோவில் முயன்றார், இரண்டும் போதவில்லை. கடைசியில் மரச்செதுக்கு அச்சுக்கு மாறி, 1920களின் தொடக்கத்தில் ஏழு படங்களாக முடித்தார். சாம்பல் சாயலே இல்லாத அந்தக் கருப்பு வெள்ளைதான் விஷயத்தைத் தாங்கியது. எனவே, பென்சிலா சார்கோலா என்பதைப் பழக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே காட்சியை, உதாரணமாக மடியில் பை வைத்திருக்கும் அந்தக் கைகளை, ஒரே அளவில் பென்சிலிலும் சார்கோலிலும் மையிலும் வரையுங்கள். மூன்றையும் சுவரில் மாட்டிவிட்டு சில நாள் அவற்றைக் கடந்து போய்வாருங்கள். உங்கள் கேள்விக்கு எது பதில் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏன் இருபது? கேலரியில் கேட்டார்களா, அல்லது முழு எண் என்று தோன்றியதா? எண்ணிக்கையைச் சுவரும் விஷயமும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கோல்விட்ஸுக்கு ஆறு போதுமாக இருந்தது. காந்தி நூற்றாண்டான 1969இல் தமிழக ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதரின் உருவம் கோட்டுக்குள் எப்படியெல்லாம் மாறும் என்பதுதான் அங்கே விஷயம், அதற்கு நூறு வேண்டியிருந்தது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் ஃபூஜி மலையை வரைந்த தொடருக்குப் பெயர் முப்பத்தாறு காட்சிகள், ஆனால் வரவேற்பைப் பார்த்துப் பத்து சேர்த்ததில் மொத்தம் 46 ஆயிற்று. உங்கள் விஷயத்தில், பதினான்கு படம் மாட்ட வேண்டும் என்றால் குறைந்தது இருபத்திரண்டு வரையுங்கள். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க இடம் இருந்தால்தான் மிச்சம் இருப்பவை உறுதியாக நிற்கும். சரியாக இருபது வரைந்து இருபதையும் மாட்டுகிறவர் பலவீனமான நாலு படங்களையும் சேர்த்தேதான் மாட்டுகிறார்.

வாக்கியமும் பூட்டுகளும் தயாரானதும் பெரிய தாளுக்குப் போகாமல் சின்னக் குறிப்போவியங்கள் போடுங்கள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம், அதற்குள் கருமை எங்கே, வெளுப்பு எங்கே, உருவம் எந்தப் பக்கம் என்பது மட்டும். ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். நாற்பது ஐம்பது போட்டபின் அவற்றை வெட்டி, ஒரு நீளத் தாளில் ஒட்டிப் பாருங்கள். ஆறு படத்தில் உருவம் நட்ட நடுவில் இருக்கிறது, ஒன்றில்கூட இரண்டு பேருக்கு மேல் இல்லை, எல்லாவற்றிலும் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது என்பதெல்லாம் பெரிதாக வரைந்த பிறகு தெரிந்தால் மாதங்கள் வீண். இங்கே தெரிந்தால் ஒரு மாலைப் பொழுதோடு போயிற்று.

பெரிய தாளில் இறங்கும்போது மூன்று நான்கு படங்களை ஒரே சமயத்தில் கொண்டுபோங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே வைக்கோல் போர்களையும் தேவாலய முகப்பையும் அப்படித்தான் வரைந்தார். வெளிச்சம் மாறினால் ஒரு கித்தானை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார், பிறகு ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்துவார். 1891இல் அவர் 15 வைக்கோல் போர் ஓவியங்களை ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார். சேர்த்துப் பார்த்தால்தான் அவை முழுமை பெறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கு இதில் நடைமுறை லாபமும் உண்டு. ஒரு படம் முட்டுக்கட்டை போட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் பக்கத்துப் படத்துக்குப் போகலாம், அங்கே கிடைக்கிற தீர்வு பல சமயம் இங்கேயும் உதவும். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே கை மாறிப்போவதையும் இது தடுக்கும். எட்டு மாதத்தில் எல்லாருக்கும் கை மாறும், அது நல்லதுதான். ஆனால் சுவரில் அது இரண்டு காலமாகத் தெரியக்கூடாது.

ஏழில் மூன்று புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை என்று எழுதியிருந்தீர்கள். நேரில் பார்த்து வரைந்தவற்றோடு அவை ஒட்டாததற்கு ஒரு காரணம் அதுதான். கேமரா எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு பதிவு செய்கிறது. கண் அப்படிச் செய்யாது, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். லண்டனில் குண்டுவீச்சின்போது சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துக்கிடந்த மக்களை 1940-41இல் ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் வரைந்தார். தூங்குகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து வரைவது அவர்களின் அந்தரங்கத்துக்குள் நுழைவதாக அவருக்குப் பட்டது. அங்கே சிறு குறிப்புகள் மட்டும் எடுத்து, பிறகு நினைவிலிருந்து வரைந்தார். முதலில் மெழுகுக் கிரேயான், அதன்மேல் நீர்வண்ணம். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது, அதனால் அந்தப் போர்வை மூடிய உருவங்களுக்குக் கல்லில் அரித்தெடுத்தது போன்ற தன்மை வந்தது. காத்திருப்பவர்களை வரைவதற்கும் இந்த வழி பொருந்தும். பொது இடத்தில் சின்ன ஸ்கெட்ச்புக்கில் அரை நிமிடக் கோடுகள், வீட்டில் நினைவிலிருந்து பெரிய தாள். யாரையும் அடையாளம் தெரியும்படி வரைய வேண்டிய அவசியமும் இருக்காது. புகைப்படத்தை ஒரு கைப்பிடியின் வடிவத்தையோ காலணியின் தையலையோ சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி தாள். முழுத் தொடருக்கும் வேண்டியதை, பரிசோதனைக்கும் சேர்த்து, ஒரே தடவையில் ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். ஒரே பெயரில் வருகிற தாளிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வெள்ளையின் சாயல் கொஞ்சம் வேறுபடும், பக்கத்தில் மாட்டும்போது அது அப்பட்டமாகத் தெரியும். அமிலம் இல்லாத தாளாக இருக்கட்டும், பருத்தி நாரில் செய்ததாக இருந்தால் இன்னும் நல்லது. மரக்கூழில் இருக்கும் லிக்னினும் அமிலமும்தான் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கின்றன. சார்கோலுக்கு லேசான சொரசொரப்பு வேண்டும், துகள் பிடித்து நிற்க இடம் வேண்டுமே. தாளின் கனம் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அல்லது அதற்கு மேல் இருந்தால் பலமுறை அழித்தாலும் தாங்கும். சரி, மலிவான தாளில் நல்ல படம் வராதா என்றால் வரும். 1943 வங்கப் பஞ்சத்தை வங்க ஓவியர் ஜைனுல் ஆபிதீன் சாதாரணப் பொட்டலத் தாளில், கருப்பு மையும் காய்ந்த தூரிகையுமாக வரைந்தார். அந்த நூற்றாண்டின் வலிமையான கோட்டோவியங்களில் அவையும் அடக்கம். கைக்குக் கிடைத்தது அது, நிலைமை அது. தேர்ந்தெடுக்க வழி இருக்கிற நாம் நிலைக்கிற தாளைத் தேர்ந்தெடுப்போம்.

பென்சிலில் வரைகிறவர்கள் கண்காட்சிக்கு என்று தனியாகக் கவனிக்க வேண்டியது பளபளப்பு. 6பி, 8பி போன்ற மென்மையான, கருமை கூடிய பென்சில்களால் அழுத்தி அழுத்திக் கருமையாக்கிய இடம் உலோகம்போல மின்னும். மேசையில் இது தெரியாது. மேலிருந்து விளக்கு விழுகிற சுவரில், கண்ணாடிக்குப் பின்னால், பார்ப்பவர் ஓரடி நகர்ந்ததும் உங்கள் ஆழ்ந்த கருப்பு சாம்பல் வெளிச்சமாக மாறிவிடும். இப்போதே சோதித்துப் பார்க்கலாம். முடித்த பென்சில் படம் ஒன்றைச் சுவரில் நிறுத்தி, விளக்கை மேலே சாய்வாகப் பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக நடந்துபாருங்கள். மின்னினால், மிகக் கருமையான இடங்களைக் கார்பன் பென்சிலாலோ மின்னாத வகைக் கிராஃபைட்டாலோ (பென்சிலுக்குள் இருக்கும் கருப்புப் பொருள்) போடுங்கள். ஏற்கெனவே கிராஃபைட் வழவழப்பு ஏறிய இடத்தில் சார்கோல் பிடிக்காது என்பதால் இதை வரைவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

சார்கோல் என்றால் ஃபிக்ஸேட்டிவ் வேண்டும், அதாவது துகள் உதிராமல் பிடித்துவைக்கிற தெளிப்பு. ஒரே தடவையில் நனைய அடிக்காமல், ஓரடி தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று அடியுங்கள். காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும், மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். டோன் ஒரு படி கருத்துப்போகும், வெள்ளைச் சாக் போட்ட இடம் மங்கும். எவ்வளவு என்று அதே தாளின் துண்டில் பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஒரு படி வெளிறலாகவே வரையுங்கள். மையைத் தேர்ந்தெடுத்தால் நிறமிக் கலவையான, வெளிச்சத்துக்கு வெளுக்காத மை என்று பார்த்து வாங்குங்கள். கார்பன் கலந்த இந்தியன் இங்க் நெடுங்காலம் நிற்கும். பந்துமுனைப் பேனாவும் சாதாரண ஃபவுண்டன் பேனா மையும் பெரும்பாலும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், விற்பனைக்கு வைக்கும் படத்தில் அவற்றைத் தவிர்ப்பதுதான் வாங்குபவருக்கு நேர்மை.

நான்காவது மாத முடிவில் எல்லாவற்றையும் ஒருமுறை தரையில் பரப்பி, வரையத் தெரிந்த ஒருவரையும் வரையத் தெரியாத ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். எது பிடித்திருக்கிறது என்று கேட்காதீர்கள். 'இதில் எது கூட்டத்தில் சேரவில்லை?' என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே படத்தைக் காட்டினால் அதை எடுத்துவிடலாம், அது நன்றாகவே வரைந்த படமாக இருந்தாலும். இந்த ஒரு முடிவு வலிக்கும். தனியாக மிகச் சிறந்ததாக இருக்கும் படம்தான் பல சமயம் தொடரைக் கெடுக்கும், மற்றதெல்லாம் அதற்குத் துணைக்கு வந்தவைபோல் ஆகிவிடும். அதைக் கிழிக்க வேண்டாம், மெல்லிய அமிலமற்ற தாளை இடையில் வைத்து உறையில் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பழைய ஏழில் இரண்டு மூன்று தேறும் என்று நினைக்கிறேன். மீதியைப் புதிய அளவில் திரும்ப வரையலாம், இரண்டாம் தடவை தேவையற்ற கோடுகள் தாமாகவே உதிரும்.

வரிசையை வரைந்த வரிசைப்படி வைக்க வேண்டும் என்று இல்லை. ஸ்பானிய ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட காப்ரிச்சோஸ் தொடரில் 80 அச்சோவியங்கள். மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் மனிதரைச் சுற்றி ஆந்தைகளும் வௌவால்களும் பறக்கிற புகழ்பெற்ற படத்தைத் தொடரின் முகப்பாக வைக்கத்தான் அவர் முதலில் எண்ணியிருந்தார். கடைசியில் அது 43ஆவதாக நடுவுக்குப் போயிற்று, முதலிடத்தில் உயரத் தொப்பி அணிந்த அவருடைய சொந்த உருவம் வந்தது. உங்கள் தொடரிலும் மிகப் பலமான படத்தை முதலில் வைக்காதீர்கள். வாசலுக்கு நேரெதிரே இருக்கும் சுவருக்கு அதைக் கொடுங்கள், உள்ளே நுழைகிறவரை அது தூரத்திலிருந்தே இழுக்கும். முதல் படம், எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற எளிய படமாக இருக்கட்டும். அடர்த்தியான இரண்டு படங்களுக்கு நடுவே வெள்ளை அதிகமுள்ள ஒன்று வந்தால் கண்ணுக்கு ஓய்வு. வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் உருவத்தைச் சுவரின் வலது கோடியில் வைத்தால் பார்வை சுவரை விட்டு வெளியே போய்விடும், அதை இடது கோடிக்கு மாற்றுங்கள்.

சுவர்க் கணக்கைக் கேலரிக்குப் போய்த்தான் போட வேண்டும் என்று இல்லை. அளவுகளை முன்கூட்டியே வாங்கி, பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் சுவர்களை வெட்டி, படங்களையும் அதே அளவில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். கதவு, சுவிட்ச், தூண் எல்லாம் குறிக்க மறக்காதீர்கள். தாள் 30க்கு 42 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 7 செ.மீ. மவுண்ட் (படத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே வரும் அட்டை), 2 செ.மீ. ஃப்ரேம் என்றால் வெளி அளவு 48க்கு 60. ஆறு மீட்டர் சுவரில் ஏழு படம் மாட்டினால் படங்களுக்கு 336 செ.மீ., நடுவில் ஆறு இடைவெளி 26 செ.மீ. வீதம் 156, இரண்டு ஓரமும் 54 வீதம் 108, மொத்தம் 600. எட்டாவது படத்தைத் திணித்தால் இடைவெளி சுருங்கி எல்லாம் ஒரே பட்டையாகத் தெரியும். உயரத்துக்கு, படத்தின் மையம் தரையிலிருந்து 150 செ.மீ. அளவில் வருவது வழக்கம். ஆணி எங்கே என்பதற்கு, மைய உயரத்தோடு ஃப்ரேம் உயரத்தில் பாதியைக் கூட்டி, பின்பக்கக் கம்பியை இழுத்துப் பிடித்தால் அது ஃப்ரேம் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். இங்கே 150 கூட்டல் 30, கழித்தல் 8 என்றால் 172. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கம்பியைத் தனியாக அளக்க வேண்டும், இரண்டு செ.மீ. வித்தியாசம்கூட வரிசையில் கண்ணை உறுத்தும்.

ஃப்ரேம் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், மெல்லியதாக, அலங்காரம் இல்லாமல். மவுண்ட் கட்டாயம் வேண்டும். படம் கண்ணாடியைத் தொட்டால் ஈரம் கோத்து ஒட்டிக்கொள்ளும், சார்கோல் கண்ணாடிக்கு ஏறிவிடும். சார்கோல் படத்துக்குச் சாதாரண அக்ரிலிக் தகடு போடாதீர்கள், அதில் சேரும் நிலைமின்சாரம் துகளைத் தாளிலிருந்து இழுக்கும். கண்ணாடிதான் சரி. தாளை மவுண்டில் பிடிக்க வைப்பது ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் கொண்ட சிறு கீல்கள், மேல் விளிம்பில் மட்டும். செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் பழுப்புக் கறை படிந்துவிடும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. வெளிச்சத்தைப் பொறுத்தவரை, தாளில் உள்ள படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவு சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). உங்கள் கேலரியில் அவ்வளவு மங்கலாக இருக்காது, ஆனால் நேரடி வெயில் விழும் சுவர் எது என்று பகலில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தலைப்பு, விவரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்கு ஒரு பெயர் அல்லது வெறும் எண், ஊடகம், ஆண்டு, அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. 'காத்திருப்பு' என்ற சொல்லைப் படப் பெயர்களில் திரும்பக் கொண்டுவர வேண்டாம், வாசலில் எழுதியாயிற்று. கண்காட்சிக் குறிப்பு நூற்றைம்பது சொல்லுக்குள் முடியட்டும். மேசைக்கு மேலே ஒட்டிய அந்த வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள், எதைப் பார்த்து வரைந்தீர்கள், ஏன் இந்தத் தாள், ஏன் இந்தக் கண்மட்டம் என்று எழுதுங்கள். வாழ்க்கையே ஒரு காத்திருப்பு என்கிற மாதிரி வாக்கியங்கள் உங்கள் கைகளையும் பாதங்களையும் மறைத்துவிடும்.

ஏழாவது மாதத் தொடக்கத்தில் வரைவதை நிறுத்துங்கள். ஃப்ரேம் போடுகிறவருக்கு மூன்று வாரமாவது வேண்டும், அவசரப்படுத்தினால் மூலைகள் சரியாகச் சேராது. கண்ணாடிக்குள் போவதற்கு முன்பே ஒவ்வொரு படத்தையும் இருபக்கமிருந்தும் சமமாக வெளிச்சம் விழும்படி புகைப்படம் எடுத்துவிடுங்கள், பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், ஆண்டு, எண் எழுதிவிடுங்கள். மாட்டப்போகும் நாளன்று லெவல் கருவி, அளவுநாடா, பென்சில், கூடுதல் ஆணிகளும் கொக்கிகளும், கண்ணாடி துடைக்க மென்துணி, ஃப்ரேமைத் தொடப் பருத்திக் கையுறை, விவரச் சீட்டுகளில் இன்னொரு பிரதி, அந்த அட்டைச் சுவர் மாதிரி எல்லாம் கையில் இருக்கட்டும். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேராகக் கண்ணாடியில் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி மவுண்டை நனைத்துவிடும்.